காலைப் பாருங்கள்: கறிக்கோழி நலன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கறிக்கோழி வளர்ப்பவர்கள், புதிதாக வளர்க்க நினைப்பவர்கள், கறி வாங்குபவர்கள் எனப் பலரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. கொட்டகைக்குள் நடந்து கோழிகளைப் பார்வையிடுவது பல ஆண்டுகளாக என் வேலை. கோழி எப்படி வாழ்கிறது என்று தெரிய வேண்டுமானால் அதன் காலைப் பார்க்க வேண்டும் என்பது நான் அங்கே கற்றது. கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வழியில் கோழியின் காலுக்கே வந்து சேரும்.

ஆறு வாரம்தான் வாழப்போகிறது. அதற்கு எதற்கு இவ்வளவு யோசனை?

அந்த ஆறு வாரம்தான் அதன் முழு வாழ்க்கை. விட்டால் ஐந்தாறு ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடிய பறவையை 35 முதல் 49 நாட்களுக்குள் அறுத்துவிடுகிறோம். அந்த நாட்களும் வலியில் கழிந்தால், வலி இல்லாத வாழ்வு என்று அதற்கு ஒன்றுமே இருக்காது.

எண்ணிக்கையையும் நினைத்துப் பாருங்கள். உலகில் ஆண்டுக்கு 7,000 கோடிக்கும் மேற்பட்ட கோழிகள் கறிக்காக அறுக்கப்படுகின்றன. தரையில் வாழும் வளர்ப்பு விலங்குகளில் இந்த அளவுக்கு எதுவுமே கிட்டே வராது. கொட்டகைத் தரையில் பரப்பும் கூளத்தைக் காய்ந்ததாக வைத்திருப்பது போன்ற சின்ன மாற்றம்கூட இந்த எண்ணிக்கையோடு பெருக்கும்போது மிகப் பெரியதாகிவிடுகிறது.

கோழிக்கு உண்மையிலேயே வலி தெரியுமா?

தெரியும். பிரிட்டனில் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட ஒரு சோதனையைச் சொல்கிறேன். நொண்டும் கறிக்கோழிகளுக்கும் நன்றாக நடக்கும் கோழிகளுக்கும் இரண்டு நிறத்தில் தீவனம் வைத்தார்கள். ஒன்றில் கார்ப்ரோஃபென் என்ற வலிநிவாரணி கலந்திருந்தது, மற்றதில் இல்லை. நொண்டும் கோழிகள் மருந்து கலந்த தீவனத்தை அதிகமாகத் தின்றன. நொண்டல் கூடக் கூட, தின்ற அளவும் கூடியது. மருந்து உள்ளே போனதும் அவற்றின் நடையும் தேறியது.

வாய் பேச முடியாத ஒரு உயிர் “எனக்கு வலிக்கிறது” என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல வழியில்லை.

இவ்வளவு வேகமாக வளர்வதற்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள் என்கிறார்களே?

இல்லை. இந்த நம்பிக்கை எவ்வளவு சொன்னாலும் போக மறுக்கிறது, ஆனால் தவறு. அமெரிக்காவில் 1950-களிலிருந்தே கோழிக்கு ஹார்மோன் கொடுக்கத் தடை உள்ளது. தடை ஒருபுறம் இருக்கட்டும். ஒரு கொட்டகையில் இருக்கும் இருபதாயிரம் கோழிகளைத் தினமும் பிடித்து ஊசி போடுவது நடக்கிற காரியமா?

வேகம் ஊசியிலிருந்து வரவில்லை, இனத்திலிருந்து வந்தது. 1940-களின் இறுதியில் அமெரிக்காவில் ‘நாளைய கோழி’ என்ற பெயரில் போட்டி நடத்தினார்கள். அதிகச் சதை, அகன்ற மார்பு, குறைந்த தீவனம் என்று அளந்து பரிசு கொடுத்தார்கள். 1948-இல் அதன் இறுதிச் சுற்று நடந்தது. அன்று தொடங்கிய தேர்வு இன்றுவரை நிற்கவில்லை.

விளைவைக் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகம் அளந்து காட்டியது. 1957, 1978 ஆண்டுகளின் மரபை மாறாமல் காத்துவைத்த இரண்டு இனங்களையும் 2005-இன் வணிக இனம் ஒன்றையும் ஒரே தீவனம் போட்டு வளர்த்தார்கள். 56-ஆம் நாளில் எடை: 1957 இனம் 905 கிராம், 1978 இனம் 1,808 கிராம், 2005 இனம் 4,202 கிராம். ஒரே தீவனம், ஒரே 56 நாள், எடை மட்டும் நான்கரை மடங்குக்கும் மேல்.

ஹார்மோன் கதையை நான் மறுப்பதற்கு ஒரு காரணம் உண்டு. சிக்கல் ஊசியில் இருப்பதாக நம்பினால், ஊசியை நிறுத்தினால் தீர்ந்துவிடும் என்றும் நம்பிவிடுவோம். இங்கே சிக்கல் முட்டைக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது.

வேகமாக வளர்வதால் கோழிக்கு என்ன கெடுதல்?

40 கிராம் எடையில் வரும் குஞ்சு 35 நாளில் 2 கிலோவைத் தாண்டுகிறது. ஐம்பது மடங்கு. தசை அந்த வேகத்தில் வளர்கிறது, எலும்பும் இதயமும் நுரையீரலும் பின்தங்கிவிடுகின்றன. வயிற்றில் நீர் கோத்துச் சாவது, நன்றாக இருந்த கோழி திடீரென்று சிறகடித்து மல்லாந்து சாவது இரண்டும் பண்ணையாளர்களுக்குப் பழகிப்போன காட்சிகள். இரண்டுக்கும் பின்னால் இந்த வேகம் இருக்கிறது. நெஞ்சுக்கறி கட்டைபோல் இறுகிப்போவதும், அதில் வெள்ளை வரிகள் விழுவதும் இதே வேகத்தோடு சேர்ந்து வந்தவைதான்.

ஆனால் முதலில் தெரிவது காலில். கோழியின் நடையை 0 முதல் 5 வரை மதிப்பிடும் முறை ஒன்று உண்டு. 0 என்றால் குறையில்லாத நடை, 5 என்றால் நிற்கவே முடியாது. பிரிட்டனில் 176 தொகுதிகளில் (ஒரே கொட்டகையில் ஒன்றாக வளரும் கோழிக் கூட்டங்களில்) 51,000 கோழிகளின் நடையைப் பார்த்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், சராசரியாக 40 நாள் வயதில் 27.6 விழுக்காடு கோழிகளின் நடை மோசம், அதாவது 3 அல்லது அதற்கு மேல். 3.3 விழுக்காடு ஏறக்குறைய நடக்கவே முடியாத நிலையில் இருந்தன.

விழுக்காடு என்று படிக்கும்போது மனதில் தைக்காது. நான் பார்த்த ஒரு கோழியைச் சொல்கிறேன். முப்பத்தைந்து நாள் இருக்கும். தண்ணீர்க் குழாய்க்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தது. மற்ற கோழிகள் நின்று, கழுத்தை நீட்டி, கொத்தினால் தண்ணீர் விடும் குழாய் முனையான நிப்பிளைக் கொத்திக் குடித்துக்கொண்டிருந்தன. இது எழப் பார்த்தது. இரண்டு சிறகையும் தரையில் ஊன்றி, மார்பைத் தூக்கி, பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்துவிட்டது. நிப்பிள் நிற்கிற கோழிக்கு ஏற்ற உயரத்தில் இருந்தது. தலைக்கு மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்க, அந்தக் கோழி தாகத்தில் இருந்தது. அதன் கழுத்தடியில் தின்ற தீனி தங்கும் தீனிப்பையைத் தொட்டுப் பார்த்தேன். வெறுமையாக இருந்தது. நொண்டிக் கோழி காலால் மட்டும் சாவதில்லை. பசியாலும் தாகத்தாலும் சாகிறது.

இனத்தை மாற்றினால் இதெல்லாம் சரியாகுமா?

எல்லாம் இல்லை, ஆனால் இதற்கு ஈடாக வேறு எந்த மாற்றமும் இல்லை என்பது என் உறுதியான கருத்து. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகம் 16 இனங்களைச் சேர்ந்த 7,500-க்கும் மேற்பட்ட கோழிகளை ஒரே மாதிரியான சூழலில் வளர்த்துப் பார்த்தது. வேகமாக வளர்ந்த இனங்கள் குறைவாக நடமாடின. பாதப் புண்ணும் முழங்கால் புண்ணும் மார்புத் தசைக் கேடும் அவற்றில் கூடுதலாக இருந்தன. ஒரே சூழல் என்பதைக் கவனியுங்கள். கொட்டகையை எவ்வளவு நன்றாக வைத்திருந்தாலும் உடலுக்குள் இருக்கும் வேகத்தைக் கொட்டகையால் குறைக்க முடியாது.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் கொடுத்த அறிவியல் கருத்தில், வளர்ச்சி நாளுக்கு 50 கிராமுக்கு மேல் போகக் கூடாது என்று பரிந்துரைத்தது. 35 நாளில் 2.2 கிலோ வரும் கோழி நாளுக்கு 60 கிராமுக்கு மேல் வளர்கிறது. ஹப்பர்ட் ஜேஏ757, ஜேஏ787, ரேஞ்சர் கோல்ட் போன்ற மெதுவாக வளரும் இனங்கள் ஏற்கெனவே விற்பனையில் உள்ளன. அவற்றின் கொட்டகைக்குள் போனால் முதலில் உங்களை ஆச்சரியப்படுத்துவது சத்தமும் ஓட்டமும்தான். ஐந்தாவது வாரத்திலும் ஓடுகின்றன, குதிக்கின்றன, ஒன்றையொன்று துரத்துகின்றன.

ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கோழி விடலாம்?

தலைக்கணக்கை விட எடைக்கணக்குதான் சரி. குஞ்சாக இருக்கும்போது எல்லோருக்கும் இடம் இருக்கும், நெருக்கடி கடைசி வாரத்தில்தான் வரும். அதனால் விற்கும் நாளின் எடையை வைத்துக் கணக்கிட வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அடிப்படை வரம்பு சதுர மீட்டருக்கு 33 கிலோ. காற்றோட்டம் முதலிய கூடுதல் நிபந்தனைகளை நிறைவேற்றினால் 39, இறப்பு விகிதமும் குறைவாக இருந்தால் 42 கிலோ. கோழி 2.2 கிலோ என்று வைத்தால் 33 கிலோவுக்கு 15 கோழி, 39 கிலோவுக்குப் பதினேழு பதினெட்டு, 42 கிலோவுக்கு 19. அச்சடிக்கும் ஏ4 தாளை ஒன்று எடுத்துத் தரையில் வையுங்கள். 39 கிலோ நெருக்கடியில் ஒரு கோழிக்குக் கிடைப்பது அந்தத் தாளைவிடச் சிறிய இடம்.

கோழி நலத்துக்கான சான்றிதழ்த் திட்டங்கள் பலவும் 30 கிலோ என்கின்றன. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2023 பரிந்துரை 11 கிலோ. அந்த எண்ணைக் கேட்டதும் பண்ணையாளர்கள் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன், புரிகிறது. கோழி தன் இயல்பான செயல்களையெல்லாம் தடையின்றிச் செய்ய எவ்வளவு இடம் வேண்டும் என்று கேட்டதற்கு வந்த விடை அது. நாளைக்கே அங்கே போக முடியாது என்றாலும், 39-லிருந்து 30-க்கு இறங்குவதையே கோழி உணரும்.

அப்படியானால் இடத்தைக் கூட்டினால் போதுமா?

போதாது. 2004-இல் வெளியான ஒரு ஆய்வுக்காகப் பிரிட்டனிலும் டென்மார்க்கிலும் 10 நிறுவனங்களின் உண்மையான பண்ணைகளில் 27 லட்சம் கோழிகளை வைத்து ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் இடநெருக்கடியைச் சோதித்தார்கள். மிக அதிக நெருக்கடியில் நடை கெட்டது, வளர்ச்சி குறைந்தது. ஆனால் ஒரு பண்ணைக்கும் இன்னொரு பண்ணைக்கும் இடையிலான வித்தியாசத்தை அதிகம் தீர்மானித்தது கூளத்தின் ஈரமும் கொட்டகையின் வெப்பமும் ஈரப்பதமும். தாராளமாக இடம் விட்டு, ஈரக் கூளத்தில் நிற்க வைத்தால் அந்த இடத்தால் கோழிக்குப் பயன் குறைவு.

இந்த ஆய்வைச் சிலர் “பார்த்தாயா, நெருக்கடி பரவாயில்லை” என்று காட்டுவார்கள். அது அப்படிச் சொல்லவில்லை. கோழி கூடினால் எச்சம் கூடும், ஈரம் கூடும், வெப்பம் கூடும். நெருக்கடியையும் கூளத்தையும் பிரிக்க முடியாது.

கூளம் நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கையால். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்து, கையை விரியுங்கள். உருண்டையாக அப்படியே நின்றால் ஈரம் அதிகம். கொஞ்சம் ஒட்டி மெல்ல உதிர்ந்தால் சரி. ஒட்டவே ஒட்டாமல் தூசி பறந்தால் அளவுக்கு மீறிக் காய்ந்திருக்கிறது, அது மூச்சுக்கு ஆகாது. ஒரே இடத்தில் அள்ளிப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். தண்ணீர்க் குழாய்க்குக் கீழே, சுவரோரம், நடுவில், மூலையில் என்று ஏழெட்டு இடத்தில் பாருங்கள்.

ஈரக் கூளத்தில் எச்சத்திலிருந்து அம்மோனியா கிளம்புகிறது. அது தொடும் தோலை எரிக்கிறது. கோழி நாளில் முக்கால் பங்கு நேரம் உட்கார்ந்தே இருக்கிறது. நன்றாக நடக்கும் கறிக்கோழி 76 விழுக்காடு நேரமும், நொண்டும் கோழி 86 விழுக்காடு நேரமும் படுத்தே கழிப்பதாக அளந்திருக்கிறார்கள். ஆகவே பாதம், முழங்கால், மார்பு மூன்றும் எரிகின்றன.

ஒரு கோழியை எடுத்து மல்லாத்திப் பாதத்தை ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். துடைத்த பிறகும் உள்ளங்காலில் கறுப்பு வட்டம் நின்றால் அது அழுக்கு இல்லை, வெந்து பொருக்கு தட்டிய புண். குறைந்தது ஐம்பது கோழிகளைப் பல இடங்களிலிருந்து எடுத்துப் பாருங்கள். உங்கள் கூளத்தைப் பற்றி வேறு யாரும் இவ்வளவு நேர்மையாகச் சொல்லமாட்டார்கள்.

33 கிலோவுக்கு மேல் விடும் கொட்டகைகளில் அம்மோனியா 20 பிபிஎம்-ஐ (காற்றில் பத்து லட்சத்துக்கு 20 பங்கு) தாண்டக் கூடாது என்பது ஐரோப்பியச் சட்டத்தின் வரம்பு. கருவி இல்லாதவர்கள் மூக்கை நம்பலாம், ஒரு எச்சரிக்கையோடு: மூக்கு சீக்கிரம் பழகிவிடும். கொட்டகைக்குள் நுழைந்த முதல் நிமிடத்தில், குந்தி உட்கார்ந்து, கோழியின் தலை உயரத்தில் மூச்சை இழுத்துப் பாருங்கள். நின்றால் தெரியாத நெடி அங்கே தெரியும். உங்கள் கண் எரிந்தால் கோழிகள் பல நாளாக அதில் இருந்திருக்கின்றன.

சரிசெய்வது எப்படி என்றால், பெரும்பாலும் தண்ணீரில் தொடங்க வேண்டும். கோழி பாதம் இரண்டையும் தரையில் ஊன்றி, கழுத்தை லேசாக மேலே நீட்டிக் குடிக்கும் உயரத்தில் நிப்பிள் இருக்க வேண்டும். தாழ்ந்திருந்தால் தண்ணீர் பக்கவாட்டில் சிந்தும். வயது ஏற ஏற உயர்த்திக்கொண்டே போக வேண்டும். ஒழுகும் நிப்பிளை அன்றே மாற்றுங்கள். கட்டிதட்டிய கூளத்தை வெளியே அள்ளிப்போட்டுப் புதிது பரப்புங்கள், கிளறிவிட்டு மறைக்காதீர்கள். குளிர்நாளில் வெப்பத்தைக் காக்க வேண்டுமென்று காற்றோட்டத்தை அடைப்பதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. ஈரம் வெளியே போக வழியில்லாமல் கூளத்தில் இறங்கிவிடும். கழிச்சல் நோயும் கூளத்தை நனைக்கும் என்பதால், திடீரென்று ஒரு பகுதி நனைந்தால் குழாயை மட்டும் பார்க்காமல் எச்சத்தையும் பாருங்கள்.

விளக்கை 24 மணி நேரமும் எரியவிட்டால் அதிகம் தின்னும் அல்லவா?

தின்னும், எடையும் ஏறும், காலும் கெடும். எல்லா உயிரையும் போல கோழிக்கும் தூக்கம் வேண்டும். இருட்டில்தான் உடல் ஓய்ந்து எலும்பு தேறுகிறது. குஞ்சுகளுக்கு முதல் சில நாள் தீவனத்தையும் தண்ணீரையும் கண்டுபிடிக்க நீண்ட வெளிச்சம் தேவை. அதன்பிறகு நாளுக்கு குறைந்தது ஆறு மணி நேர இருட்டு, அதில் நான்கு மணி நேரம் இடைவிடாமல் என்பது ஐரோப்பியச் சட்டம். இதைச் செய்தவர்கள் முதலில் கொஞ்சம் எடை பின்தங்குவதைக் கண்டு பயப்படுவார்கள். பிறகு இறப்பும் நொண்டலும் குறைவதைப் பார்ப்பார்கள்.

பகலில் நல்ல வெளிச்சமும் வேண்டும். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ், 20 லக்ஸ் என்பது ஐரோப்பியச் சட்டத்தின் அடிமட்டம். நலத் திட்டங்கள் 50 லக்ஸும் இயற்கை வெளிச்சமும் கேட்கின்றன. அரையிருட்டில் வைத்தால் கோழி அசையாமல் கிடக்கும். அமைதியாக இருக்கிறது என்று நினைத்துவிடுவோம்.

பரண், வைக்கோல் கட்டு எல்லாம் கண்துடைப்புதானே?

இல்லை. கோழி காட்டுக்கோழியின் வழிவந்தது. கொத்துவது, கிளறுவது, புழுதியில் குளிப்பது, உயரத்தில் ஏறி அமர்வது எல்லாம் அதன் இயல்பில் இருக்கிறது. வைக்கோல் கட்டு ஒன்றைக் கொட்டகையில் போட்டுப் பாருங்கள். பத்து நிமிடத்தில் அதைச் சுற்றிக் கூட்டம் கூடிவிடும். கொத்தி இழுத்து, மேலே ஏறி, நிழலில் படுத்து ஒரு வாரத்தில் அதைப் பிய்த்துப் போட்டுவிடும். அந்த ஒரு வாரமும் அவை நடந்துகொண்டே இருந்தன, காலுக்கு வேண்டியது அதுதான்.

கம்பு மட்டும் கட்டிவிட்டு “ஏறவில்லையே” என்பார்கள். நான்காவது வாரத்தில் அந்த எடையைத் தூக்கிக்கொண்டு மெல்லிய கம்பில் நிற்பது கடினம். தாழ்வான, அகலமான மேடையும் ஏறுவதற்குச் சாய்தளமும் வைத்தால் ஏறும்.

வெளியே மேயவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமா?

வேகமாக வளரும் இனத்தை வெளியே விட்டால் பெரும்பாலும் வாசலருகிலேயே உட்கார்ந்திருக்கும். நடக்கத் தெம்பு வேண்டும், தலைக்கு மேல் மரமோ புதரோ மறைப்பாக வேண்டும். பருந்துக்குப் பயந்த பறவை வெட்டவெளிக்குப் போகாது. பிரான்ஸின் ‘லேபல் ரூஜ்’ என்ற தரச்சான்று முறையில் மெதுவாக வளரும் இனம், குறைந்தது 81 நாள் வயது, மேய்ச்சல் வெளி மூன்றும் சேர்ந்தே வருகின்றன. அதனால்தான் அது பலிக்கிறது.

குஞ்சு வந்த முதல் நாள் எதைப் பார்க்க வேண்டும்?

காலைத்தான். குஞ்சின் பாதத்தை உங்கள் கன்னத்தில் வையுங்கள். சில்லென்று இருந்தால் தரை குளிர்ந்திருக்கிறது. காற்றின் வெப்பத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கூளத்தின் வெப்பத்தை மறந்துவிடுகிறோம். குஞ்சு நிற்பது கூளத்தில்.

இரவில் ஒரு முறை, அடுத்த நாள் ஒரு முறை தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். 24 மணி நேரத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து குஞ்சுகளின் தீனிப்பை நிறைந்து, மெத்தென்று இருக்க வேண்டும். கல்போல் இருந்தால் தீவனம் கிடைத்தது, தண்ணீர் கிடைக்கவில்லை.

வெயில் நாளில் கோழி சாகாமல் இருக்க என்ன செய்வது?

கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. வெயிலில் பெரும்பாலும் மூச்சிரைத்தே சூட்டை வெளியேற்றுகிறது. வேகமாக வளரும் கோழியின் உடலே பெரிய அடுப்பு. எனவே வெயில் உச்சிக்கு ஏறும் முன்பே தீவனத்தை நிறுத்தி, விடியற்காலையிலும் இரவிலும் கொடுங்கள். குழாயில் நின்று சூடான தண்ணீரைத் திறந்துவிட்டுக் குளிர்ந்த தண்ணீர் வரச் செய்யுங்கள். காற்று கூரைக்குக் கீழே சுழன்றால் பயனில்லை, கோழியின் முதுகில் பட வேண்டும். வெயில் நாட்களில் வளரப்போகும் தொகுதிக்குத் தொடக்கத்திலேயே குறைவான குஞ்சுகளை விடுவதுதான் எல்லாவற்றையும்விட நல்லது. வெயில் வந்த பிறகு இடத்தைக் கூட்ட முடியாது.

இந்தக் குஞ்சுகளின் தாய்க்கோழிகள் எப்படி இருக்கின்றன?

இதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு, கேட்டதற்கு நன்றி. தாய்க்கும் தந்தைக்கும் அதே வேகமான உடல். ஆனால் அவை முட்டையிட ஓராண்டுக்கு மேல் வாழ வேண்டும். வயிறாரத் தின்னவிட்டால் பெருத்து, நொண்டும், பல முன்கூட்டியே சாகும். எனவே வளரும் பருவத்தில், விட்டால் தின்னக்கூடியதில் பாதிக்கும் குறைவாகவே கொடுக்கிறார்கள். அவை பசியோடேயே வாழ்கின்றன. காலித் தொட்டியைக் கொத்திக்கொண்டே இருப்பதைப் பார்க்கச் சகிக்காது. தின்றால் நோய், தின்னாவிட்டால் பசி என்ற இந்த இக்கட்டைப் பண்ணை நிர்வாகத்தால் தீர்க்க முடியாது. மெதுவாக வளரும் இனங்களின் தாய்களுக்குக் கட்டுப்பாடு தளர்கிறது. இனத்தை மாற்ற வேண்டும் என்று நான் விடாமல் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெரிய நிறுவனங்கள் ஏற்பதாகச் சொல்லும் ‘மேம்பட்ட கோழி உறுதிமொழி’ என்றால் என்ன?

விலங்கு நல அமைப்புகள் சேர்ந்து உருவாக்கிய குறைந்தபட்ச நிபந்தனைகளின் தொகுப்பு. ஐரோப்பியப் பதிப்பு 2017-இல் வந்தது. சதுர மீட்டருக்கு அதிகபட்சம் 30 கிலோ, நல்ல நலன் நிரூபிக்கப்பட்ட இனங்கள் மட்டும், இயற்கை வெளிச்சத்தோடு 50 லக்ஸ், ஆயிரம் கோழிக்கு 2 மீட்டர் அமர்விடமும் கொத்துவதற்கு இரண்டு பொருட்களும், கூண்டு கூடாது, அறுப்பின்போது உயிருள்ள கோழியைத் தலைகீழாகத் தொங்கவிடாத முறை, வெளியார் தணிக்கை. பல நிறுவனங்கள் 2026-ஐக் கெடுவாக வைத்துக் கையெழுத்திட்டன. பெரும்பாலானவை தடுமாறுவது இன நிபந்தனையில்தான். விளக்கும் வைக்கோலும் மாற்றிவிட்டு, இனத்தை மட்டும் தள்ளிப்போடுவதை உறுதிமொழியை நிறைவேற்றியதாக நான் ஏற்கமாட்டேன்.

இதற்கெல்லாம் செலவு அதிகமாகாதா?

ஆகும். மெதுவாக வளரும் கோழி அதிக நாள் இருக்கும், ஒரு கிலோ கறிக்கு அதிகத் தீவனம் தின்னும், அதற்கான நிலமும் தானியமும் கூடும். அதை மறைப்பது நேர்மையில்லை. இறப்பும் மருந்தும் கழிவாகும் கறியும் குறைவதால் ஒரு பகுதி திரும்பி வரும், முழுவதும் வராது. நெதர்லாந்தில் மெதுவாக வளரும் கோழிகளுக்கு ஆன்டிபயாடிக் தேவைப்படுவது வேகமானவற்றைவிட மிகக் குறைவு என்று ஆண்டுதோறும் பதிவாகிறது.

கேள்வி, அந்தச் செலவை யார் ஏற்பது என்பது. கோழி நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு வளர்ப்பவர் இனத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை, குஞ்சும் தீவனமும் நிறுவனத்திலிருந்து வருகின்றன. அவரிடம் போய் “நலனைப் பார்” என்று மட்டும் சொல்வது அநியாயம். இனத்தை முடிவு செய்பவரும் விலையை முடிவு செய்பவரும்தான் முதலில் அசைய வேண்டும். வளர்ப்பவர் கையில் இருப்பது கூளம், காற்று, வெளிச்சம், நிப்பிளின் உயரம், தினமும் செய்யும் பார்வை. அவற்றில் பலவற்றுக்கு அதிகப் பணம் தேவையில்லை.

கறி வாங்குபவன் நான். என்ன கேட்க வேண்டும்?

உறையில் இருக்கும் பச்சைப் புல்வெளிப் படத்தைப் பார்க்காதீர்கள். எந்த இனம், எத்தனை நாள் வயது, சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ, யார் தணிக்கை செய்கிறார்கள் என்று கேளுங்கள். ‘கூண்டில் அடைக்காதது’ என்று எழுதியிருந்தால் அதில் பெரிய சேதி இல்லை. கறிக்கோழிகள் பெரும்பாலும் தரையில்தான் வளர்கின்றன. சில நாடுகளில் அடுக்குக் கூண்டு பரவுகிறது என்பது உண்மை, அது மிக மோசமான திசை. முழுக் கோழியாக வாங்கினால் காலின் மூட்டைப் பாருங்கள். பழுப்பு அல்லது கறுப்புத் தழும்பு இருந்தால் அந்தக் கோழி ஈரக் கூளத்தில் உட்கார்ந்து வாழ்ந்தது.

பிடிப்பது, ஏற்றுவது, அறுப்பது?

ஆறு வாரம் கவனமாக வளர்த்ததை ஒரே இரவில் கெடுத்துவிட முடியும். ஒரு கைக்கு நான்கைந்து கோழிகளை ஒற்றைக் காலில் தூக்கித் தலைகீழாக எடுத்துப் போவார்கள். இடுப்பு மூட்டு நழுவும், சிறகு ஒடியும். இரண்டு கையாலும் சிறகோடு சேர்த்து அணைத்து, நிமிர்ந்த நிலையில் ஒன்றோ இரண்டோ கோழியைத் தூக்கிக் கூடைக்குள் வைக்க வேண்டும். வெளிச்சத்தைக் குறைத்து, சத்தம் போடாமல் செய்தால் கோழி மிரளாது. பிடிக்கும் ஆட்களுக்கு எண்ணிக்கைக்குக் கூலி கொடுத்தால் வேகம்தான் கிடைக்கும். மணிக்கணக்கில் கொடுத்து, ஓய்வும் கொடுங்கள்.

அறுப்பில் பெரிய கொடுமை, உணர்வோடு இருக்கும் கோழியைக் கால்களில் உலோகக் கொக்கி மாட்டித் தொங்கவிடுவது. ஏற்கெனவே வலிக்கும் கால், அதில் முழு எடையும். கோழிக்கு நம்மைப்போல் உதரவிதானம் இல்லை, தலைகீழாகத் தொங்கினால் குடலின் பாரம் மூச்சுப்பைகளை அழுத்தும். கூடையிலேயே வைத்து வாயுவால் உணர்விழக்கச் செய்யும் முறையில் இந்தத் தொங்கல் இல்லை. அதிலும் கரியமில வாயுவை எடுத்த எடுப்பிலேயே அடர்த்தியாக விட்டால் மூச்சுத் திணறும். உணர்வு போகும்வரை 40 விழுக்காட்டைத் தாண்டாமல் படிப்படியாகக் கூட்ட வேண்டும்.

நடக்க முடியாத கோழியைப் பார்த்தால் என்ன செய்வது?

தள்ளிப்போடாதீர்கள். நாளுக்கு இரண்டு முறையாவது கொட்டகை முழுக்க, எந்தக் கோழியிலிருந்தும் இரண்டு மூன்று மீட்டருக்குள் வரும்படி வளைந்து வளைந்து நடந்து பாருங்கள். நீங்கள் நெருங்கினால் நல்ல கோழி எழுந்து விலகும். எழாததன் அருகில் குந்தி உட்காருங்கள். லேசாக நொண்டுவதைத் தனித் தடுப்பில், காய்ந்த கூளத்தில், உட்கார்ந்தபடியே எட்டும் உயரத்தில் தண்ணீரும் தீவனமும் வைத்து விடுங்கள். மறுநாள் தேறியிருக்கிறதா என்று பாருங்கள்.

எழவே முடியாதது, சிறகை ஊன்றி நகர்வது, கால் பக்கவாட்டில் விரிந்துபோனது இவை தேறாது. விற்கும் நாள்வரை இருக்கட்டும் என்று விட்டால் அது தாகத்தில் கிடந்து சாகும். அன்றே, அங்கேயே, பயிற்சி உள்ளவர் கழுத்தெலும்பை ஒரே இழுப்பில் விலக்கி முடிக்க வேண்டும். ஐரோப்பியச் சட்டம் கையால் இதைச் செய்வதை 3 கிலோ வரையிலான கோழிக்கும், ஒருவருக்கு நாளில் 70 கோழிக்கும் மட்டுமே அனுமதிக்கிறது, களைத்த கை தவறும் என்பதால். செய்தபின் கண்ணைத் தொட்டுப் பாருங்கள். இமை அசையக் கூடாது, மூச்சு இருக்கக் கூடாது. பிறகு அந்தக் கோழியின் பாதத்தைத் திருப்பிப் பார்த்து, கிடந்த இடத்தையும் காலின் நிலையையும் பதிவேட்டில் எழுதிவையுங்கள். அடுத்த தொகுதிக் குஞ்சு இறங்கும் முன் அந்தப் பக்கத்தை ஒருமுறை படியுங்கள்.